தலைக்கு விலை

ஒருவன் வீழ்வதால் எனக்கு லாபம் வருகிறது. அவனை நான் வீழ்த்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இந்த லாபத்தை நான் மனக்கூச்சம் இல்லாமல் வாங்கிக்கொள்ளலாமா? இதே மனிதனை நானே முயன்று வீழ்த்தி, வீழ்த்தியதற்கென்று கூலியும் பெற்றால், சும்மா உட்கார்ந்திருந்தவனைவிடத் தாழ்ந்துபோகிறேனா? இந்தக் கேள்வியை ஒரு சீட்டாட்டத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். அங்கே லாபத்தையும் கூலியையும் இலக்கத்தில் சொல்லிவிடலாம் என்பதுதான் காரணம். வாழ்க்கையில் நாம் மழுப்பிக்கொண்டு போகும் இடத்தை அந்த மேசை மழுப்ப விடுவதில்லை.

சூது தகுமா என்பது இங்கே விஷயமில்லை. வள்ளுவர் பொருட்பாலில் அதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கித் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மேல்முறையீடு செய்யும் உத்தேசம் எனக்கில்லை. சூதாட என்று வந்து உட்கார்ந்துவிட்டவர்களுக்குள் ஒருவன் இன்னொருவனுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறான் என்பதே என் யோசனை.

போக்கர் போட்டி இன்றைய உருவத்தை அடைந்தது லாஸ் வேகஸில். 1970ல் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற சூதாட்ட விடுதியில் முதல் 'உலகத் தொடர்' நடந்தபோது, ஆடியவர்களே வாக்களித்து ஜானி மாஸ் என்பவரைச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தார்கள். அடுத்த வருஷமே அந்தச் சபை மரியாதை போய்விட்டது. 1971 முதல் எல்லோரும் சமமான சில்லுகளோடு உட்கார வேண்டும். சில்லு தீர்ந்தவன் எழுந்து போக வேண்டும். எல்லாச் சில்லும் கடைசியில் எவன் முன்னால் குவிகிறதோ அவனுக்கே எல்லாப் பணமும். 1978ல்தான் முன்னணியில் வந்த சிலருக்குப் பணத்தைப் பகிர்ந்து கொடுப்பது என்று ஏற்பட்டது. அந்த வருஷம் 42 பேர் ஆளுக்கு 10,000 டாலர் கட்டி ஆடினார்கள். முதலில் வந்த பாபி பால்ட்வினுக்குக் கிடைத்தது மொத்தத்தில் பாதி, 2,10,000 டாலர். மீதி அவருக்கு அடுத்தடுத்து வந்தவர்களுக்குப் போயிற்று.

பகிர்வு கருணையான ஏற்பாடுதான். இரண்டாமவனும் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதில்லை. ஆனால் சும்மா இருந்தவனின் லாபம் பிறந்தது இந்தக் கருணையில். கணக்கைச் சொல்லுகிறேன்.

மூன்று பேர் மிஞ்சியிருக்கிறார்கள். மூவரிடமும் சமமான சில்லு. பரிசு 100 டாலர். முதலிடத்துக்கு 50, அடுத்ததற்கு 30, மூன்றாவதற்கு 20. திறமையில் வித்தியாசமில்லை என்று கொண்டால் ஒவ்வொருவன் நிலைக்கும் மதிப்பு 33.33. இப்போது முதலாமவனும் இரண்டாமவனும் இருப்பு முழுவதையும் முன்னே தள்ளி மோதுகிறார்கள். முதலாமவன் ஜெயிக்கிறான். தோற்றவன் 20ஐ வாங்கிக்கொண்டு எழுந்துவிடுகிறான், அவனுக்கு 13.33 நஷ்டம். ஜெயித்தவனிடம் இப்போது சில்லுகளில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் அவன் நிலையின் மதிப்பு 43.33தான். சில்லு இரட்டித்தும் பணத்தில் ஏறியது 10. தோற்றவன் இழந்ததில் மீதி 3.33 எங்கே போயிற்று? சீட்டைக் கவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மூன்றாமவனிடம். அவன் நிலையின் மதிப்பு 36.67 ஆகிவிட்டது. எல்லாம் முதல்வனுக்கே என்ற பழைய விதியில் அவனுக்கு இப்படி ஒன்றும் கிடைத்திருக்காது. மூன்றில் ஒரு பங்கு சில்லு, மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. மோதலுக்கு முன்னும் அதே, பின்னும் அதே.

இந்தக் கணக்கின் சூத்திரத்தை 1973ல் டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியலாளர் குதிரைப் பந்தயத்தை முன்வைத்து வெளியிட்டார். அதே வழியை 1987ல் மேஸன் மால்மத் தம் நூலில் போக்கருக்குச் சொன்னார். ஐ.சி.எம். என்ற மூன்றெழுத்தில் இன்று ஆட்டக்காரர்கள் இதை அறிவார்கள். இதன்படி, மோதுகிறவன் 10ஐத் தேடி 13.33ஐ வைக்கிறான். ஆகவே நூற்றுக்கு 57 தடவைக்கு மேல் ஜெயிக்கக்கூடிய சீட்டு இல்லாமல் அவன் இறங்கக் கூடாது. போட்டி முடிவை நெருங்க நெருங்க எல்லோரும் அடுத்தவன் வீழ்வதற்காகக் காத்திருப்பது இதனால்தான். நல்ல சீட்டையே கவிழ்த்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இன்னும் ஒன்று நடக்கிறது. இருப்பு குறைந்த ஒருவன் தன் கடைசிச் சில்லுகளை முன்னே தள்ளும்போது, இருவர் அவனை எதிர்த்து நின்றால், அந்த இருவரும் தங்களுக்குள் மேற்கொண்டு பந்தயம் கட்டுவதில்லை. சீட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்வரை மேசையைத் தட்டிக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். ஒருவனுக்கு எதிராக ஒரு சீட்டுக்கு இரண்டு சீட்டாக நின்றால் அவன் போவது நிச்சயமாகுமல்லவா? வாய் திறந்து பேசிக்கொண்டால் விதிமீறல். பேசாமலே புரிந்துகொண்டால் அனுபவம்.

இந்த மேசையில் தலைவிலை வருகிறது. 'பவுண்டி' என்று சொல்லப்படுகிற வகையில், கட்டும் பணத்தில் ஒரு பகுதி பரிசுக்குப் போகாமல் கட்டியவன் தலைமேலேயே வைக்கப்படும். அவனை வெளியேற்றுகிறவனுக்கு அது கூலி. இதில் இப்போது அதிகம் பழகியது வளர்விலை வகை. 200 டாலர் கட்டினால் 100 பரிசுக்கு, 100 என் தலைக்கு. என்னை வீழ்த்துகிறவன் கைக்கு 50 உடனே போகும். மற்ற 50 அவன் தலைமேல் ஏறும். அவன் தலை இப்போது 150 பெறும். இப்படித் தலை எடுக்க எடுக்கத் தன் தலைக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். கடைசியில் மிஞ்சுகிறவன் தன் தலையின் விலையைத் தானே எடுத்துக்கொள்வான்.

முந்தின கணக்கில் இதைச் சேர்த்துப் பார்க்கலாம். வீழ்த்துகிறவன் கைக்கு உடனடியாக 10 டாலர் வரும் என்று வையுங்கள். தலைமேல் ஏறுவதை விட்டுவிடுகிறேன். இப்போது அவன் 13.33ஐ வைத்துத் தேடுவது 20. நூற்றுக்கு 57 என்று இருந்த தேவை 40க்கு இறங்கிவிட்டது. பாதிக்கும் குறைவான வாய்ப்போடு இறங்குவது புத்திசாலித்தனமாகிவிடுகிறது. மேசையைத் தட்டிக்கொண்டு சும்மா இருந்த அந்த இருவரின் உடன்பாடும் இங்கே கலைந்துபோகும். கூலி ஒருவனுக்குத்தான் என்பதால், ஒவ்வொருவனும் மற்றவனைப் பந்தயம் கட்டி விரட்டிவிட்டுத் தனியாக நிற்கப் பார்ப்பான்.

ஆனால் கடைசிக் கட்டத்தில் எல்லாத் தலையும் ஒரேபோல் இழுப்பதில்லை. 400 பேர் தொடங்கி 4 பேர் மிஞ்சும்போது, சராசரி இருப்பு 100 மடங்காகிவிடுகிறது. சராசரித் தலைவிலை அப்படி ஏறுவதில்லை. ஒவ்வொரு வீழ்ச்சியிலும் பாதி கைக்குப் போய்விடுவதால் அது ஏறத்தாழ 10 மடங்கில் நிற்கும். சில்லோடு ஒப்பிட்டால் தலை மலிந்துவிடுகிறது. பரிசின் படிகளோ உயர்ந்துவிடுகின்றன. ஆகவே சராசரித் தலைக்காகக் கடைசி மேசையில் கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறவன் அசடு. விதிவிலக்கு ஒருவன் உண்டு. நிறையத் தலைகளை எடுத்துத் தன் தலைக்கு விலை ஏற்றிக்கொண்டு, பிறகு சில்லுகளை இழந்துவிட்டவன். சிறிய குவியல், பெரிய விலை. மேசை முழுவதும் அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். எவன் தலை அவன் இருப்புக்கு மேல் விலை பெறுகிறது, என் இருப்பு அவனை மூடுமா, என்னைத் தவிர அவனை யார் மூட முடியும்: கடைசிக் கட்ட வியூகம் என்பதெல்லாம் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

இனி நியாயத்துக்கு வருவோம். தலைவிலையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் சொல்வது இது: சாதாரணப் போட்டியில் ஒருவன் வீழ்வது ஆட்டத்தின் விளைவு, இங்கே ஒரு குறிப்பிட்ட மனிதனின் வீழ்ச்சிக்கு விலை பேசப்படுகிறது. விளைவை முன்கூட்டி அறிந்திருப்பதும் அதை நாடுவதும் வேறு என்று தத்துவத்தில் பழைய பேதம் ஒன்று உண்டு. சும்மா இருந்தவன் இந்தப் பேதத்தின் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறான். அந்த நிழல் அவனுக்கு உரியதல்ல என்பது என் கட்சி. அவன் 3.33 தற்செயலாக மடியில் விழுந்த காசில்லை. அதை எதிர்பார்த்துத்தான் அவன் ஜெயிக்கக்கூடிய சீட்டையும் கவிழ்த்தான். பிறத்தியான் வீழ்ச்சியைத் தன் வியூகத்தின் ஆதாரமாக வைத்துக்கொண்டவன், அதை நான் நாடவில்லை என்று சொல்ல முடியாது. அவன் நாடினான், கையை மட்டும் நீட்டவில்லை. தலை எடுக்கப் போனவனாவது தன் 13.33ஐ மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். தோற்றிருந்தால் எழுந்து போயிருப்பவன் அவனே. ஆபத்தை ஏற்றுச் செய்யும் கொடுமை, ஆபத்தில்லாமல் அனுபவிக்கும் கொடுமையைவிடக் கீழானது என்று எப்படிச் சொல்வது?

இதோடு நின்றுவிட்டால் தலைவிலை ஒருவகை நேர்மை என்று முடிக்கலாம். எனக்கு அது திருப்தியாக இல்லை. முதலாவதாக, தலைவிலை சும்மா இருந்தவனை ஒழித்துவிடவில்லை. மோதல் கூடக்கூட அவனுக்கு 3.33கள் கூடிக்கொண்டே போகின்றன. முன்பு அவன் மனத்தின் ஒரு மூலையிலாவது உறுத்தல் இருந்திருக்கும். இப்போது, 'அவர்கள் காசுக்காகச் செய்தார்கள்' என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு ஆள் கிடைத்துவிட்டது. கூலிக்குச் செய்கிறவன் இருக்கும் ஊரில் கூலி வாங்காமல் பயன்பெறுகிறவர்களெல்லாம் உத்தமர்கள்.

இரண்டாவது, இந்த ஆபத்து சமமாகப் பங்கிடப்பட்டதல்ல. என்னைவிட இருப்பு அதிகம் உள்ளவனை என்னால் ஒரே மோதலில் வெளியேற்ற முடியாது. அவனை ஜெயித்தாலும் அவனிடம் மிச்சம் இருக்கும். அவன் தலை எனக்குக் கிடையாது. அவன் என்னை ஜெயித்தால் என் தலை அவனுக்கு. கூலி மேலிருந்து கீழ்நோக்கித்தான் வேட்டையாடுகிறது. தவறு செய்துவிட்டுத் தொடர்ந்து உட்கார்ந்திருக்கக் கூடியவனுக்கே விலை பேசும் உரிமை. மேசையில் மிகப் பெரிய தலைவிலை பெரும்பாலும் யாராலும் தொட முடியாதவன் தலைமேல் பத்திரமாக இருக்கும்.

அதுமட்டுமில்லை. இருப்பு குறைந்தவனுக்குச் சாதாரணப் போட்டியில் ஒரே ஒரு ஆயுதம் உண்டு. எல்லாவற்றையும் முன்னே தள்ளிப் பயமுறுத்தலாம். எதிராளி வம்பு வேண்டாம் என்று விலகக்கூடும். அவன் தலைக்கு விலை இருக்கும்போது அந்தப் பயமுறுத்தல் செல்லுபடியாவதில்லை. எதிர்த்து நிற்பதற்கு எதிராளிக்குப் பணம் கிடைக்கிறதே. 1982ல் ஜாக் ஸ்ட்ராஸ் எல்லாம் போய்விட்டது என்று எழுந்தபோது ஒரே ஒரு சில்லு மறைந்து கிடந்ததைக் கண்டு மறுபடியும் உட்கார்ந்து, அந்த உலகத் தொடரையே ஜெயித்தார் என்று ஒரு கதையை ஆட்டக்காரர்கள் சொல்லிச் சொல்லி ஆறுதலடைகிறார்கள். அவர் தலைக்கு ஒரு கனத்த விலை இருந்திருந்தால் அந்த ஒற்றைச் சில்லை நான்கு பேர் சேர்ந்து மொய்த்திருப்பார்கள். விலை இல்லாததே சில சமயம் மெலிந்தவனுக்குப் பாதுகாப்பு.

இன்னொரு வகையும் வந்துவிட்டது. தலைவிலையை உறையில் போட்டு மூடிவைப்பது. வீழ்த்தியபின் உறையை எடுத்துப் பிரித்தால்தான் வீழ்ந்தவன் தலைக்கு என்ன விலை என்று தெரியும். 2022 உலகத் தொடரில் ஆளுக்கு 1,000 டாலர் கட்டி ஆடிய ஒரு போட்டியில் மாட் கிளான்ட்ஸ் எடுத்த உறையில் பத்து லட்சம் டாலர் இருந்தது. போட்டியை ஜெயித்தவருக்குக் கிடைத்த முதல் பரிசைவிட அது அதிகம். வளர்விலையில் குறைந்தபட்சம் ஒரு சம்பந்தம் இருந்தது. எடுத்த தலைகளுக்கேற்பத் தன் தலை விலை பெற்றது. உறையில் அந்தச் சம்பந்தமும் அறுந்துவிட்டது. முதலில் ஆள் போக வேண்டும், பிறகுதான் அவன் எவ்வளவு பெறுவான் என்பது. வீழ்ந்தவனுக்கும் விலைக்கும் இடையில் ஒரு தொடர்பும் வேண்டியதில்லை என்றான பிறகு, யார் தலை என்றும் பார்க்க வேண்டியதில்லை.

இவ்வளவு தூரம் சீட்டாட்டத்தை இந்தப் பக்கங்களில் பேசுவது ஏன் என்று கேட்கலாம். முந்நூறு பிரதி அச்சடிக்கும் நம் மேசையிலும் விதி வளர்விலைதான் என்று எனக்குப் படுகிறது. நிலைபெற்ற ஒரு பெயரை ஒருவர் கட்டுரை எழுதிச் சாய்க்கிறார். புகழில் பாதி உடனே கைக்கு வந்துவிடுகிறது. மறுபாதி அவர் தலைமேல் விலையாக ஏறுகிறது; அடுத்த இதழில் அதைத் தேடி யாராவது வருவார்கள். இதைப் பற்றி நாம் நிறையப் புலம்பியாயிற்று. நாம் பேசாத கணக்கு அந்த 3.33. சர்ச்சை நடந்த காலம் முழுவதும் ஒரு வரி எழுதாமல், இரண்டு பக்கத்துக்கும் தலையசைத்துவிட்டு, தூசி அடங்கியதும் ஒரு படி மேலே நிற்பவர்கள். அவர்களைப் பக்குவமானவர்கள் என்கிறோம். பெயர் பெற்றவர் ஒரு புதியவனைப் பற்றித் தவறாக எழுதிவிட்டால், அவருக்கு அது ஒரு கட்டுரை. புதியவனுக்கு அதோடு முடிந்தது. இருப்பு மூடுவது என்று மேசையில் சொல்வது இதைத்தான்.

தலைக்கு விலை என்றதும் தமிழ் படித்தவனுக்குக் குமணன் நினைவு வராமல் இருக்காது. முதிர மலைத் தலைவன். நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் இருந்தவன். அவன் தலைக்குத் தம்பி விலை வைத்தான் என்பது வழிவழியாக வரும் கதை. வறுமையோடு தேடி வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க அவனிடம் எஞ்சியிருந்தது அந்த விலை ஒன்றுதான். தலையை எடுத்துக்கொள் என்று வாளைக் கொடுத்துவிட்டான். புறநானூற்றின் 165ஆம் பாட்டில் புலவர் தம்பிக்கு முன்னால் போய் நிற்பது அந்த வாளோடு. தலை காட்டில் குமணன் கழுத்தின்மேல்தான் இருக்கிறது.

இந்த இருவரையும் நான் அந்த மேசையில் உட்காரவைத்துப் பார்க்கிறேன். தன் சில்லுகளை வேண்டுமென்றே இன்னொருவனுக்குத் தாரைவார்ப்பது போக்கர் போட்டியில் பெரிய குற்றம். குமணனை அன்றே எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள். சாத்தனாராவது தப்புவாரா? எடுக்கக்கூடிய தலையை வேண்டியவன் என்பதற்காக எடுக்காமல் விடுவதும் குற்றம்தான். வேண்டியவர்களிடம் மென்மையாக ஆடினார் என்று அவரையும் எழுப்பிவிடுவார்கள். பேராசைக்கு அங்கே இடம் உண்டு. பொய் முகத்துக்கு உண்டு. பேசாமலே ஒருவனை இருவர் ஒழிப்பதற்கு உண்டு. சும்மா இருந்து பங்கு வாங்குவதற்கும் உண்டு. கொடைக்கும் தயவுக்கும் மட்டும் இடமில்லை.

இதைச் சொல்லி விதியைப் பழிக்க எனக்கு மனமில்லை. யோசித்துப் பார்த்தால் விதி நியாயமானது. கொடை அனுமதிக்கப்பட்டால் அண்ணனும் தம்பியும் கூட்டுச் சேர்வார்கள், கடன்பட்டவன் கடன் கொடுத்தவனுக்குத் தோற்பான், ஊர் பேர் தெரியாமல் தனியாக வந்து உட்கார்ந்தவன் ஏமாளியாவான். தனியாக வந்தவனைக் காப்பாற்றத்தான் கொடையைக் குற்றமாக்க வேண்டியிருக்கிறது. முன்பின் அறியாத நாலு பேர் ஒரு இடத்தில் சமமாக உட்கார வேண்டும் என்றால் இப்படி ஒரு விதி வேண்டும்தான்.

ஆகவே நான் தொடக்கத்தில் கேட்டதற்கு என் பதில்: கூலி வாங்கியவன் சும்மா இருந்தவனைவிடத் தாழ்ந்தவனில்லை. மேசைக்குள் இருக்கும்வரை 3.33ஐ வாங்கிக்கொள்ளலாம், ஒருவன் இழந்ததிலிருந்து வந்த காசு என்று தெரிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். என் சங்கடம் அதற்கு அப்பால் இருக்கிறது. வேலைக்குப் போகுமிடத்திலும், பிள்ளைகளைப் படிக்க அனுப்புமிடத்திலும், நாலு பேர் கூடிக் கவிதை பேசுமிடத்திலும் விலை எழுதாத தலையைக் காண்பது அரிதாகிவருகிறது. விட்டுக்கொடுத்தவனை அங்கேயும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்: யாரோடு கூட்டு, என்ன உள்நோக்கம் என்று. அந்தச் சந்தேகம் மேசையில் சரி. மேசை எந்த இடத்தில் முடிகிறது என்பதை மட்டும் யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.